உரிப்பொருள் தவறிய நூலகம்

மாய நூலகத்தைக் களமாகக் கொண்ட காதல் நாவல், கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஆங்கில நூற்சந்தையில் தனி வகையாகவே வளர்ந்திருக்கிறது. மிகுபுனைவு, அதாவது இயற்கையின் விதிகளை மீறிய உலகம் ஒன்றைப் படைத்து அதனுள் கதை சொல்லும் முறை, காதற்கதையோடு சேரும்போது இரண்டின் வாசகர்களும் ஒருங்கே கிடைக்கிறார்கள் என்பது பதிப்பகங்களின் கணக்கு. நூலகம் என்ற களம் அவர்களை மேலும் எளிதாக ஈர்க்கிறது. ஏனெனில் நாவல் படிப்பவர் எவரும் நூல்களை நேசிப்பவரே. இத்தகைய நாவல்கள் பல தொடக்கத்தில் வாசகரை மயக்கிப் பாதியில் கைவிட்டுவிடுவது ஏன் என்ற வினாவைத் தமிழின் அகப்பொருள் இலக்கணத்தைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். அந்த இலக்கணத்தின் பழைய உரை அச்சேறிய வரலாற்றில், இன்றைய ராணிப்பேட்டை மாவட்டத்துக் காவேரிப்பாக்கத்திற்கு ஓர் இடம் உண்டு.

ஆராய்ச்சிக்கு உரிய நாவல் அமெரிக்க எழுத்தாளர் எரின் மோர்கென்ஸ்டெர்ன் 2019ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்ட ‘தி ஸ்டார்லெஸ் சீ’, அதாவது விண்மீன்கள் இல்லாத கடல். இதற்கு முன் 2011இல் அவர் எழுதிய ‘தி நைட் சர்க்கஸ்’ உலகெங்கும் பெரும் வரவேற்பைப் பெற்றிருந்தது; எட்டு ஆண்டுகள் காத்திருந்த வாசகர்களுக்கு இரண்டாம் நாவல் மிகுந்த எதிர்பார்ப்போடு வந்து சேர்ந்தது. அதைப் போற்றுவோர் பலர் இருக்கிறார்கள். ஏமாற்றம் அடைந்தோரும் பலர். இரு சாராரும் படித்தது ஒரே நூலகத்தைத்தான் என்பதால், அந்த நூலகம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை முதலில் காண்பது முறையாகும்.

கதையின் தலைமகன் ஸக்காரி எஸ்ரா ராலின்ஸ், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் மேற்படிப்பு படிக்கும் இளைஞன். குறி சொல்லும் தாய்க்குப் பிறந்தவன். பல்கலைக்கழக நூலகத்தில், ஆசிரியர் பெயர் இல்லாத ‘ஸ்வீட் சாரோஸ்’ என்னும் பழைய நூல் அவன் கைக்குக் கிடைக்கிறது. அதன் பக்கங்களில் கடற்கொள்ளையன் ஒருவனின் கதையும் துறவுத் தொண்டர்களின் கதையும் வருகின்றன. அவற்றுக்கு இடையே, அவன் சிறுவனாக இருந்தபோது ஒரு சுவரில் தீட்டியிருந்த கதவைக் கண்டும் திறக்காமல் போனது அப்படியே எழுதப்பட்டிருக்கிறது. தான் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டதாகத் தோன்றும் நூலில் தன் வாழ்க்கையின் ஒரு மாலைப்பொழுதைப் படிக்கும் அந்தக் காட்சி மிகச் சிறந்த தொடக்கம். தம் பெயருக்கான ஓலையைத் தேடி வைத்தீசுவரன்கோயில் நாடி சோதிடர் வீட்டுத் திண்ணையில் காத்திருப்போர் இருக்கும் நாட்டில், இந்தக் காட்சியின் ஈர்ப்பை விளக்க வேண்டிய தேவை இல்லை.

தேனீ, சாவி, வாள் என்னும் மூன்று முத்திரைகளைப் பின்தொடர்ந்து அவன் நியூயார்க்கில் ஒரு முகமூடி விருந்துக்குச் செல்கிறான், அங்கே இருளில் ஒருவன் அவன் காதருகே ஒரு கதை சொல்கிறான், அவனே டோரியன். பின்னர் மிராபெல் என்ற பெண்ணின் வழிகாட்டலில், கதவு ஒன்றின் வழியாக நிலத்துக்கு அடியில் உள்ள ‘துறைமுகம்’ எனப்படும் நூலகத்தை ஸக்காரி அடைகிறான். அங்கே எல்லையற்ற கூடங்களும் பூனைகளும் ஓவியங்களும் இருக்கின்றன. சீட்டில் எழுதி அனுப்பினால் வேண்டிய உணவைச் சிறு மின்தூக்கியில் அனுப்பிவைக்கும் சமையலறையும் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் கீழே தேனாலான கடல் விரிகிறது. அலெக்ரா என்ற பெண்மணியின் தலைமையில் இயங்கும் ஒரு கழகம், அந்த நூலகத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டே உலகெங்கும் உள்ள அதன் கதவுகளை அழித்துவருகிறது. ஸக்காரியும் டோரியனும் காதலிக்கிறார்கள், பிரிகிறார்கள், சேர்கிறார்கள். ஏறத்தாழ ஐந்நூறு பக்கங்கள் கொண்ட நாவலில் இவ்விருவரும் நேரில் சேர்ந்திருக்கும் பக்கங்கள் மிகச் சில என்பதே வாசகரின் முதல் மனக்குறை.

பக்கக் குறைவு மட்டும் காதலைக் கெடுத்துவிடாது. சங்கப் பாடல்களில் தலைவனும் தலைவியும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதே அரிது. பெரும்பாலும் தோழியிடமும் பாங்கனிடமும் நெஞ்சிடமும்தான் பேசுகிறார்கள். ஆகவே குறையின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. அதைக் காட்டும் கருவி தொல்காப்பியத்தின் அகத்திணையியலில் உள்ளது.

அகப்பாட்டின் உறுப்புகளைத் தொல்காப்பியர் மூன்றாக வகுக்கிறார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவை கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்னும் ஐந்தும் அவற்றின் நிமித்தங்களும் உரிப்பொருள். நிமித்தம் என்பது அந்த ஒழுக்கத்துக்கு முன்னும் பின்னும் நிற்கும் காரண காரியங்கள். பாடலில் முதலைவிடக் கருவும், கருவைவிட உரியும் சிறந்தவை என்று அவர் தரவரிசையும் செய்கிறார். இடமும் காலமும் இல்லாமலும் பாட்டு அமையலாம். பூவும் பறவையும் இல்லாமலும் அமையலாம். உரிப்பொருள் இல்லாமல் அகப்பாட்டு அமையாது. குறிஞ்சியின் மலையும் தேனும் அழகுக்காக மட்டும் அங்கு இல்லை. இரவில் அந்த மலைச்சாரலைக் கடந்து வரும் தலைவனுக்கு நேரக்கூடிய இடர், புணர்தலின் மகிழ்ச்சிக்குள் அச்சமாக நுழைகிறது என்பதால்தான் மலை பாட்டுக்கு வேண்டியிருக்கிறது.

இத்தரவரிசையை ‘தி ஸ்டார்லெஸ் சீ’யின் மீது வைத்துப் பார்த்தால், நாவலின் வடிவம் தலைகீழாக நிற்பது தெரிகிறது. முதற்பொருள் சிறப்பாக அமைந்திருக்கிறது; நிலத்தடி நூலகமும், கடிகாரத்தின் ஆட்சி செல்லாத அதன் பொழுதும் வேறெங்கும் காணாதவை. கருப்பொருள் வெள்ளமாகப் பெருகுகிறது. தேன், மெழுகுவர்த்தி, ஆந்தை, வாள், சாவி, பூனை, பொம்மை வீடு எனப் பொருளுக்குப் பொருள் அடுக்கப்படுகின்றன. உரிப்பொருள் ஒன்றுதான் மெலிந்து நிற்கிறது. ஸக்காரி டோரியனை ஏன் காதலிக்கிறான் என்பதற்கு, அவன் அழகாகக் கதை சொல்வான் என்பதைத் தவிர நாவலில் வலுவான விடை இல்லை. காதலர் இருவரும் ஆண்கள் என்பதை நூலகத்தில் எவரும் தடையாகக் கருதுவதில்லை. அது நாவலின் நல்ல மனம். ஆனால் அந்தத் தடைக்கு ஈடாக வேறு எதுவும் வைக்கப்படாததால், களவு இல்லை, காவல் இல்லை, ஊர்ப்பேச்சாகிய அலர் இல்லை, ஒருவருக்காக மற்றவர் கைவிட வேண்டியதும் இல்லை. இருவரும் பிரிக்கப்படுகிறார்கள் என்பது உண்மை; ஆனால் அவர்களைப் பிரிப்பது கடலும் கதவும்தானே ஒழிய, அவர்களுடைய மனத்திலோ கடமையிலோ எழுந்த காரணம் எதுவும் இல்லை. இடையில் நிகழும் மரணம்கூட மாய இதயம் ஒன்றால் மீட்கப்பட்டுவிடுகிறது. இழந்தது திரும்பி வரும் என்று வாசகர் ஒருமுறை அறிந்துகொண்டால், அதன்பின் எந்த இரங்கலும் அவரைத் தொடாது.

தேனீயின் நிலை இக்குறையை நெருங்கிக் காட்டும். நாவலில் தேனீ பெரும்பகுதி முத்திரையாகவே வருகிறது. கதவில் இருக்கிறது, நூலின் அட்டையில் இருக்கிறது, கழுத்தணியில் இருக்கிறது. குறுந்தொகையின் இரண்டாம் பாடலிலும் தேனினம் வருகிறது. இறையனார் பெயரில் அமைந்த அப்பாடலில் தலைவன் வண்டை நோக்கித் தலைவியின் கூந்தலைப் போல மணக்கும் பூ உண்டா என்று வினவுகிறான். வண்டிடம் கேட்கும் அக்கேள்வி அருகில் நிற்கும் தலைவியின் செவிக்காக எழுப்பப்பட்டது. அவளுடைய நாணத்தைப் போக்குவது அதன் பணி. அந்த வண்டை நீக்கினால் பாட்டு இல்லை. மோர்கென்ஸ்டெர்ன் நாவலில் தேனீயை எடுத்துவிட்டு வேறொரு முத்திரையை வைத்தாலும் ஸக்காரியும் டோரியனும் மாற மாட்டார்கள்.

மாய நூலகம் என்ற கற்பனை தமிழுக்குப் புதியதன்று. இறையனார் களவியல் உரை, தான் உரை எழுதும் நூல் தோன்றிய வரலாற்றைச் சொல்லித்தான் தொடங்குகிறது. பாண்டிநாட்டில் பன்னிரண்டு ஆண்டு வற்கடம், அதாவது பஞ்சம், வந்தபோது அரசன் புலவர்களை வேறு நாடுகளுக்கு அனுப்பிவைக்கிறான். மழை பெய்து நாடு செழித்தபின் அவர்களைத் தேடச் சொன்னால், எழுத்தும் சொல்லும் வல்லவர் கிடைக்கிறார்கள், பொருளிலக்கணம் வல்லவர் கிடைக்கவில்லை. எழுத்தையும் சொல்லையும் ஆராய்வது பொருளின் பொருட்டுத்தானே என்று அரசன் வருந்துகிறான். மதுரை ஆலவாய்ப் பெருமானாகிய சிவன் அறுபது சூத்திரங்களைச் செப்பேட்டில் எழுதித் தம் பீடத்தின் கீழ் இடுகிறார். கோயிலில் வழிபாடு செய்பவர் பீடத்தின் அடியைத் துப்புரவு செய்யும்போது அதைக் கண்டெடுக்கிறார். அந்நூல் காதலின் இலக்கணம். சங்கப் புலவர்கள் நாற்பத்தொன்பதின்மரும் அதற்கு உரை காண்கிறார்கள். எந்த உரை மெய்யுரை என்று தெரியவில்லை. தீர்ப்பளிக்க உருத்திரசன்மன் என்னும் சிறுவன் அமர்த்தப்படுகிறான், அவன் ஊமை. ஒவ்வொருவரும் உரை சொல்லும்போது வாளா இருந்தவன், மருதன் இளநாகனார் உரையின் சில இடங்களில் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்க்கிறான். நக்கீரனார் உரைக்கோ சொல்தோறும் அவ்வாறு ஆகிறான்.

இந்தக் கதையில் ஒரு மாய நூலகத்துக்கு வேண்டிய அனைத்தும் இருக்கின்றன: பஞ்சத்தில் சிதறிய அறிவு, பீடத்தின் அடியில் மறைந்த நூல், வாயில் காக்கும் தேர்வு. மோர்கென்ஸ்டெர்ன் நாவலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அந்தத் தேர்வில்தான் இருக்கிறது. துறைமுக நூலகத்துக்குள் நுழைய ஸக்காரி பகடை உருட்டுகிறான், கிண்ணத்தில் உள்ளதைப் பருகுகிறான், வாயில் திறந்துவிடுகிறது. மதுரைக் கதையில் காதலைப் பற்றிய நூல் ஒன்றுக்கு மெய்யான உரை எது என்பதை அறிவின் திறத்தால் அறிய முடியாமல், பேச இயலாத சிறுவனின் கண்ணீரால் அறிகிறார்கள். காதல் நாவலுக்கும் இதைவிடக் கடுமையான, இதைவிட நேர்மையான தேர்வு இருக்க முடியாது.

அதே உரை, முதற்சங்கமும் இடைச்சங்கமும் இருந்த ஊர்களைக் கடல் கொண்டது என்றும் கூறுகிறது. தலைச்சங்கம் 4440 ஆண்டுகளும் இடைச்சங்கம் 3700 ஆண்டுகளும் கடைச்சங்கம் 1850 ஆண்டுகளும் நடந்தன என்ற அதன் கணக்கை இன்றைய வரலாற்றாய்வு ஏற்பதில்லை. ஆனால் நூல்களைக் கடல் விழுங்கிவிட்டது என்ற நினைவு, மிஞ்சியவற்றை எண்ணி எண்ணிப் போற்றும் மனநிலையைத் தமிழருக்குத் தந்தது. ஆங்கில நாவலிலும் கடல் எழுந்து நூலகத்தை மூழ்கடிக்கிறது. அக்கடல் தேனாக இருக்கிறது. மூழ்கிய நூல் ஒன்றின் பெயரைச் சொல்லி அழுபவர் அங்கே எவரும் இல்லை.

சிதம்பரத்துக் கதை இன்னும் நெருக்கமானது. உமாபதி சிவாசாரியார் பெயரில் வழங்கும் திருமுறைகண்ட புராணத்தின்படி, மூவர் தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் முத்திரையிட்ட அறை ஒன்றில் இருந்தன. பாடியவர்களே வந்தால்தான் கதவைத் திறக்கலாம் என்று தீட்சிதர்கள் கூற, மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து அரசன் கதவைத் திறப்பிக்கிறான். உள்ளே ஏடுகளைப் புற்று மூடியிருக்கிறது. எண்ணெய் வார்த்துப் புற்றை நீக்கினால் பெரும்பகுதி அழிந்து ஒரு சிறு பகுதியே எஞ்சுகிறது. இது புராணம். இதை ஒத்த உண்மை நிகழ்ச்சிகள் பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளில் நடந்திருக்கின்றன. உ. வே. சாமிநாதையர் ஏடு தேடித் திருநெல்வேலிச் சீமைக்குச் சென்றபோது, கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழைய ஏடுகளை ஆகமத்தில் சொல்லியபடி நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாக அங்கிருந்தோர் கூறியதை ‘என் சரித்திரம்’ நூலில் பதிவுசெய்கிறார். 1981 சூன் முதல் நாளுக்கு முந்திய இரவில் தீவைக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்தன. நூலகம் அழிவது என்றால் என்ன என்பதை இவ்வளவு அண்மையில் அறிந்த மொழியின் வாசகர், அழிவை வண்ணக்காட்சியாக மட்டும் வரையும் நாவலில் நிறைவு காணாதது இயல்பு.

நூலுக்கு விலை உண்டு என்பதைச் சொல்லும் இன்னொரு கதை காவேரிப்பாக்கத்தோடு தொடர்புடைய அரசனைப் பற்றியது. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆண்ட பல்லவன் மூன்றாம் நந்திவர்மனுக்கு அவனிநாராயணன் என்ற சிறப்புப்பெயர் உண்டு. காவேரிப்பாக்கம் பழைய கல்வெட்டுகளில் அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்றே வழங்கியது. ஊரின் பேரேரியும் அவன் பெயரோடு இணைத்துச் சொல்லப்படுவதே. அவன்மீது பாடப்பட்ட நந்திக்கலம்பகத்தைப் பற்றி ஒரு செவிவழிக் கதை நிலவுகிறது. அரசனைக் கொல்லும் நோக்கோடு அறம் வைத்துப் பாடப்பட்ட, அதாவது கேட்பவருக்கு அழிவு தரும் சொற்களை உள்ளே பொதிந்து பாடப்பட்ட நூல் அது என்றும், ஒரு பாட்டைக் கேட்ட நந்தி முழுவதையும் கேட்க விரும்பினான் என்றும், கேட்டால் உயிர் போகும் என்று அறிந்தும் பந்தல்கள் அமைத்து ஒவ்வொன்றிலும் இருந்து கேட்டான் என்றும், ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பந்தல் எரிந்து இறுதிப் பாட்டுக்குச் சிதையில் கிடந்து உயிர்விட்டான் என்றும் அக்கதை சொல்லும். வரலாற்றுச் சான்று இதற்கு இல்லை. ஆயினும் மாய நூலும் அதன்மேல் கொண்ட காதலும் ஒன்றாகும் கதை இதைவிடச் செறிவாக அமைவது கடினம். நூறு பாட்டையும் கேட்க அவன் தரும் விலை திரும்பி வருவதில்லை.

காவேரிப்பாக்கம் அகப்பொருளோடு தொடர்புகொள்வது கா. நமச்சிவாய முதலியார் வழியாக. 1876இல் இவ்வூரில் பிறந்து, பெயரின் முதலெழுத்தாகவே ஊரைச் சுமந்த அவர், மகாவித்துவான் சண்முகம் பிள்ளையிடம் தமிழ் கற்று, சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் தமிழ் கற்பித்து 1936இல் மறைந்தார். அவர் எழுதிய பாடநூல்களைப் படித்து வளர்ந்த தலைமுறைகள் தமிழ்நாட்டில் பல. தொல்காப்பியப் பொருளதிகாரத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையை முதன்முதலில் அச்சுக்குக் கொண்டுவந்தவர்களுள் அவரும் ஒருவர், வ. உ. சிதம்பரனாரும் அப்பணியில் உழைத்தார். முதல், கரு, உரி என்ற தரவரிசைக்கு இளம்பூரணர் தரும் தெளிவான விளக்கம் இன்றைய வாசகர் கையில் இருப்பது இத்தகையோரின் உழைப்பால்.

அதே காலத்தில், அதே வட ஆர்க்காட்டு மண்ணிலிருந்து வேறொரு வாசிப்பும் எழுந்தது. நாகவேடு முனிசாமி முதலியார் 1915இல் தொடங்கிய ‘ஆனந்தபோதினி’ இதழும், அதில் எழுதிய ஆரணி குப்புசாமி முதலியாரின் நாவல்களும் ஆயிரக்கணக்கான புதிய வாசகரை உருவாக்கின. ஆங்கில எழுத்தாளர் ரெயினால்ட்ஸ் முதலியோரின் கதைகளைத் தழுவிய அந்நாவல்களில் மர்ம அறைகளும் வேடமாற்றங்களும் மிகுதி. தனித்தமிழ் இயக்கத்தின் தலைவர் மறைமலையடிகளே ரெயினால்ட்ஸின் நாவல் ஒன்றைத் தழுவி 1911இல் ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’ எழுதினார். பல்லாவரத்தில் ஆயிரக்கணக்கான நூல்களைச் சேர்த்து, ஒவ்வொன்றையும் கண்போல் காத்த அப்பேரறிஞரின் நூலகம் பிற்காலத்தில் அவர் பெயரிலேயே சென்னையில் பொது நூலகமாயிற்று. அவருடைய நடையின் பேரழகு அந்நாவலிலும் உண்டு. ஆனால் கதைத்திருப்பங்கள் வேறொரு நாட்டுக்கும் வேறொரு வாசகருக்கும் வகுக்கப்பட்டவை என்பதால், காதலர் அவற்றின் போக்கில் இழுபடுகிறார்களே ஒழியத் தாமாக எதையும் தெரிந்தெடுப்பதாகத் தோன்றுவதில்லை. களத்தின் கவர்ச்சி காதலை விழுங்கிவிடும் ஆபத்து அமெரிக்க நாவலோடு பிறந்ததன்று. இவ்விடத்தில், வாடகை நூல் நிலையங்களில் கைமாறிக் கைமாறித் தாள் கிழிந்த ரமணிசந்திரனின் குடும்பக் காதல் நாவல்களைக் குறிப்பிடுவது தகும். அவற்றைத் தீவிர இலக்கியத்தார் பொருட்படுத்துவதில்லை என்றாலும், தவறான எண்ணமும் அதனால் எழும் ஊடலும் அது தணியும் வகையும் கதையின் நடுவில் இருப்பதால், உரிப்பொருள் அவற்றில் வழுவுவதில்லை.

உரிப்பொருளே கதையின் நடுவில் இருக்க வேண்டும் என்பது மோர்கென்ஸ்டெர்னுக்குத் தெரியாத செய்தி என்று கொள்வதற்கும் இடமில்லை. ‘தி நைட் சர்க்கஸ்’ நாவலில், சிறுவயதிலேயே போட்டி ஒன்றுக்குப் பிணைக்கப்பட்ட இரு மாயவித்தைக்காரர்கள் ஒருவரையொருவர் காதலிக்கிறார்கள். ஒருவர் வெல்ல மற்றவர் அழிய வேண்டும் என்பது அப்போட்டியின் விதி. அங்கே கூடாரம் ஒவ்வொன்றும் ஒருவர் மற்றவருக்காகப் படைத்தது. கருப்பொருள் உரிப்பொருளிலிருந்து பிறந்தது. இரண்டாம் நாவலிலும் உயிருள்ள பகுதிகள் இருக்கின்றன, அவை எல்லாம் விலை உள்ள இடங்கள். முற்காலத்தில் துறைமுகத்துக்குத் தொண்டராக வருவோர் தம் நாவை இழக்க வேண்டும் என்பதைச் சொல்லும் தொடக்க அத்தியாயம் நடுங்கவைக்கிறது. சைமன், எலனோர் என்னும் இருவரின் கதை அதைவிடச் சிறந்தது. வெவ்வேறு காலங்களைச் சேர்ந்த அவர்கள் நூலகத்தின் ஓர் அறையில் மட்டும் சந்திக்கிறார்கள். வாயிலைத் தாண்டினால் ஒருவருக்கு மற்றவர் இல்லை. பாலைத்திணையின் பிரிவு முழுவதும் அந்த அறையில் அடங்கியிருக்கிறது. நூலகம் காலத்தை மீறியது என்ற புனைவு, அங்கே அழகாக இருப்பதோடு நில்லாமல் காதலின் தடையாகவும் ஆகிறது. நாவல் முழுவதும் அவ்விருவரைச் சுற்றி அமைந்திருந்தால் இக்கட்டுரைக்குத் தேவையே இருந்திராது.

இறுதிப் பகுதிகளில் ஒன்று ஸக்காரியின் தோழி காட் எழுதும் நாட்குறிப்பு. மாயம் எதையும் அறியாத அவள், காணாமற்போன நண்பனைத் தேடுகிறாள். காவல்துறை கேட்பதும், மற்றவர்கள் மெல்ல மறப்பதும், அவன் தாயைக் காண்பதும் அக்குறிப்பில் வருகின்றன. உடன்போக்குச் சென்ற தலைவியை நினைந்து வெறும் முற்றத்தைப் பார்த்து வருந்தும் செவிலியின் குரலோடு தமிழ் வாசகர் இதை ஒப்பிட்டுக்கொள்வார். இரங்கல் என்னும் உரிப்பொருள் நாவலில் முழுமையாக வெளிப்படும் இடம் இது. தேன்கடலோ பூனையோ இல்லாத இப்பக்கங்களில்தான் ஸக்காரி என்ற மனிதன் ஒருவருக்குத் தேவைப்பட்டவன் என்பது முதன்முறையாக உறைக்கிறது.

‘தி ஸ்டார்லெஸ் சீ’ வெளியான அதே ஆண்டில் வந்த மார்கரெட் ரோஜர்சனின் ‘சோர்சரி ஆஃப் தார்ன்ஸ்’ இளையோருக்காக எழுதப்பட்ட, நடையில் எளிய நாவல். பெருநூலகம் ஒன்றில் வளர்ந்த எலிசபெத், மந்திரம் வல்ல நத்தானியல் தார்ன் ஆகியோரின் காதல் அதில் சொல்லப்படுகிறது. அங்கே நூல்கள் உயிருள்ளவை. சிதைக்கப்பட்டால் கொடிய உருக்களாக எழுந்து மனிதரைத் தாக்குபவை. மந்திரம் செய்ய வேண்டுமானால் நத்தானியல் தன் ஏவல் பேய்க்குத் தன் வாழ்நாளின் ஒரு பகுதியைத் தர வேண்டும். மொழிநயத்தில் மோர்கென்ஸ்டெர்னை எட்டாத அந்நூல், காதலில் அவரை முந்துகிறது. தன் ஆயுளை விற்றுச் செலவிடும் ஒருவனை நேசிப்பது என்ன என்பதை எலிசபெத் ஒவ்வொரு மந்திரத்தின்போதும் உணர வேண்டியிருக்கிறது. 1941இல் எழுத்தாளர் போர்ஹெஸ் எழுதிய ‘பாபேல் நூலகம்’ என்னும் சிறுகதை காதற்கதையே அன்று. எல்லா நூல்களும் உள்ள நூலகத்தில் பொருளுள்ள ஒரு பக்கத்தைக் கண்டடைய முடியாமல் மடியும் நூலகர்களின் துயரம் அது. அங்கும் மாயத்துக்கு விலை உண்டு.

ஆகவே ‘தி ஸ்டார்லெஸ் சீ’ தரும் ஏமாற்றம், மாய நூலகம் என்ற களத்தால் வந்ததன்று. மிகுபுனைவும் காதலும் சேர்ந்ததாலும் வந்ததன்று. நூலகத்தின் விதிகள் எதுவும் ஸக்காரி, டோரியன் இருவரின் காதலைத் தொடவில்லை. அவர்களுடைய காதலும் நூலகத்தை மாற்றவில்லை. உட்கதைகளுக்காக அதைப் படிக்கலாம். முதன்மைக் காதலுக்காக அதை நாடுவோர் ஏமாறுவர்.

தமிழிலும் இன்று இளம் எழுத்தாளர்கள் மிகுபுனைவை ஆர்வத்தோடு எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். மாய நூலகத்தில் ஒரு காதற்கதையை எழுத முற்படுவோர், ஆங்கில நாவல்களின் கூடங்களையும் மெழுகுவர்த்திகளையும் எடுத்தாள்வதற்கு முன்னால், இறையனார் களவியல் உரையின் தொடக்கப் பகுதியையும் இளம்பூரணர் உரையோடு அகத்திணையியலையும் ஒருமுறை முழுவதுமாகப் படிக்க வேண்டும். இரண்டும் அச்சில் கிடைக்கின்றன. மாவட்ட நூலகங்களிலும் கேட்டால் எடுத்துத் தருவார்கள்.